அடாப்டரை மாற்றித் தராமல் மூன்று வாரமாக அலையவிடுவது குறித்து

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவருக்கு,

வணக்கம். இது என்னுடைய ஐந்தாவது கடிதம். முந்தைய நான்குக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது.

உங்கள் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி கிட்டை வாங்கியதே வீட்டில் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து பாட்டுக் கேட்கத்தான். வீட்டிலுள்ள மற்ற கருவிகளுக்குப் பாட்டை அனுப்பும் நேவிட்ரோம் மென்பொருளைப் போட்டு, ஹார்ட் டிஸ்க்கை மாட்டினேன். முதல் நாள் நன்றாக ஓடியது. மறுநாளிலிருந்து டிஸ்க் 'டிக்' என்று நின்று, திரும்பச் சுற்றத் தொடங்குகிறது. மாடியில் அம்மா கேட்டுக்கொண்டிருந்த பாட்டு பாதியில் அறுந்துபோகும். திரையில் மஞ்சள் மின்னல் குறி.

போர்டுக்கு மின்சாரம் போதவில்லை என்பதுதான் அந்தக் குறிக்கு அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த போர்டுக்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். நீங்கள் கிட்டில் வைத்துக் கொடுத்த அடாப்டரில் 2 ஆம்பியர் என்றுதான் அச்சாகியிருக்கிறது. அதில் போர்டும் ஓடி, டிஸ்க்கும் எப்படிச் சுற்றும்? நண்பரின் 3 ஆம்பியர் அடாப்டரை ஓர் இரவு மாட்டிப் பார்த்தேன். விடியும்வரை ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

இதைச் சொல்லத்தான் போன செவ்வாய்க்கிழமை அழைத்தேன். நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு எடுத்தவர், "பாட்டுதானே சார், போன்லயே கேட்டுக்க வேண்டியதுதானே?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த டிஸ்க்கில் இருப்பது மறைந்த என் அப்பா பாடிப் பதிவு செய்த கேசட்டுகள். ஒரு மணி நேரக் கேசட்டைக் கணினிக் கோப்பாக மாற்ற ஒரு மணி நேரம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அப்படி மாற்றியதில் இரண்டு கேசட்டின் ஃப்ளாக் (தரம் குறையாத ஒலி) கோப்புகள், காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் அணைந்ததால் கெட்டுப்போயின. எத்தனை லட்சம் கொடுத்தாலும் இந்த நஷ்டம் ஈடாகாது. போனில் கேட்க வேண்டுமாம்!

அதற்கு முன்பு வேறொருவர் சொன்னதை நம்பி மெமரி கார்டை மூன்று முறை ஃபார்மட் செய்தேன். நான்காவது முறை டிஸ்க்கையே ஃபார்மட் செய்யச் சொன்னார். நல்லவேளை, செய்யவில்லை. சர்வீஸ் சென்டருக்கு வரச் சொன்னதும் நீங்கள்தான். அரை நாள் லீவு போட்டு, டிஸ்க்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அங்கே சோதித்துப் பார்க்க மானிட்டர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

நான் சண்டை போடுகிறவன் இல்லை. தயவுசெய்து சரியான அடாப்டரை 7 நாட்களுக்குள் அனுப்பி வையுங்கள். செவ்வாய்க்கிழமை பேசியவர் என்னை அழைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால், எட்டாம் நாள் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நஷ்ட ஈடும் கேட்பேன். அழைத்த தேதிகள் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். பில், அடாப்டரின் படம், மின்னழுத்த எச்சரிக்கைகள் பதிவான லாக் ஆகிய மூன்றையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்