ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட்ட செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, அங்கத்தவர்களே,

கடந்த பொதுக்கூட்டத்துக்குப் பிறகு நிர்வாக சபை ஒன்பது தடவை கூடியது. மார்கழிக் கூட்டத்தை வெள்ளம் தடுத்தது. மாசியில் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான ஆள்தொகை) காணாமல் கலைந்தோம். அன்று வராதவர்களின் பெயர்கள் குறிப்பேட்டில் உண்டு, இங்கே வாசிக்கவில்லை. வாசிகசாலைக்கு இரண்டு மின்விசிறிகளும் ஒரு புத்தக அலுமாரியும் வாங்கினோம்.

விரிவாகச் சொல்லவேண்டியது ஆடி மாத உரையைத்தான். காரைதீவில் இருந்துகொண்டு, இங்கே பிறந்து ஆடியில் மறைந்த தமிழறிஞர் விபுலானந்த அடிகளாரைப் பற்றி ஆடியில் பேசாமல் இருக்க முடியாது. ஆனால் இம்முறை பேச்சாளர் பக்கத்து வாசலால் நுழைந்து, சென்னையின் இலட்சுமணசாமி முதலியாரைப் பற்றிப் பேசினார். அடிகளார் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் போனபோது அங்கு உபவேந்தர் (சென்னையில் துணைவேந்தர் என்பார்கள்) ஐவர் ஜெனிங்ஸ். 1942 தொடக்கம் 1954 வரை இருந்தவர். பல்கலைக்கழகத்தைப் பேராதனைக்குக் கொண்டுபோனவர். அதே 1942 இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் கதிரையில் அமர்ந்த ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார் எழும்பியது 1969 இல். 27 வருடம்.

அவர் மகப்பேற்று வைத்தியர். சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். அவர் எழுதிய மகப்பேற்றியல் பாடநூல் தன் அலுமாரியில் இன்னும் கிடப்பதாக எங்கள் வைத்தியர் ஐயா எழும்பிச் சொன்னார். உபவேந்தராக இருந்துகொண்டே 1952–53 இல் இந்திய இடைநிலைக் கல்வி ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1961 இல் உலக சுகாதாரப் பேரவையின் தலைவரானார். மதுரையில் சென்னையின் கிளையாக இருந்தது 1966 இல் தனிப் பல்கலைக்கழகமாகப் பிரிந்ததும் அவர் காலத்தில்தான். வெள்ளைக்காரன் ஆட்சியில் ஏறியவர், காங்கிரஸ் ஆட்சி முழுவதையும் கண்டு, தி.மு.க. ஆட்சியில் இறங்கினார். ஆட்சி மாறினால் ஆளும் மாறும் ஊர்களில் இருக்கும் எமக்கு இதுதான் பெரிய அதிசயம்.

ஒரு பிழையை ஒப்புக்கொள்கிறேன். அழைப்பிதழில் நான் போட்ட படம் அவருடையதல்ல, அவரோடு இரட்டையாகப் பிறந்த இராமசாமி முதலியாருடையது. இருவருக்கும் தலைப்பாகை, எனக்குக் கண்ணாடி மாற்றவேண்டிய காலம்.

உரை முடிந்ததும் பின்வரிசையில் இருந்து ஒரு தம்பி கேட்டார்: "ஒராளே இருபத்தேழு வருஷம் இருந்தா மத்தாக்கள் எப்ப வாற?" சபை முழுக்கத் தலைவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் பதினாலு வருடமாகத் தலைவர். அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, எனக்கும் பதினொரு வருடம். பேச்சாளர்தான் காப்பாற்றினார்: எங்கள் நாட்டில் 1978 ஆம் ஆண்டுச் சட்டப்படி உபவேந்தருக்கு ஒரு தவணை மூன்று வருடம், தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் இல்லை. 1981 இல் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் பல்கலைக்கழகமான வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முதலியாரைப்போல ஒருவர் இருக்க நினைத்தாலும் முடியாது.

என் எண்ணம் வேறு. ஆறு வருடத்தில் ஒரு கட்டிடத்துக்கு அத்திவாரம் போடலாம். நூலகத்தை நிரப்ப அது காணாது. ஆனாலும் அந்தத் தம்பியின் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில் தலைவர் தாமே யாப்புத் (சங்க விதி) திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தார்: தலைவர், செயலாளர், பொருளாளர் எவரும் தொடர்ந்து ஆறு வருடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அது இன்று உங்கள் முன் வாக்கெடுப்புக்கு வருகிறது. நிறைவேறினால் அலுமாரித் திறப்பும் குறிப்பேடும் மேசையில் இருக்கும், வருகிறவர் எடுத்துக்கொள்ளலாம். இடது பக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் திறக்கவேண்டும்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்