மன்னித்தவர்களுக்கும் மன்னிக்க மறுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

நிறவெறி ஆட்சிக் காலத்துக் கொடுமைகளை விசாரித்த, தென்னாப்பிரிக்காவின் உண்மை, நல்லிணக்க ஆணையத்தைப் பற்றி நாங்கள் தமிழில் எடுத்த ஆவணப்படம் நிறைவுற்று, அதன் முதல் திரையிடலும் நல்லபடியாக நடந்தேறியிருக்கிறது. படத்தின் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியல் எங்கள் கடனைத் தீர்க்கப் போதாது. உதவியவர்களில் பலர் தம் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே இந்த மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி, தம் வீட்டுத் துயரத்தை எங்களிடம் மீண்டும் ஒருமுறை சொல்ல இசைந்த குடும்பங்களுக்கு. 1996 ஏப்ரல் 15 அன்று, தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகர மண்டபத்தில், பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் தலைமையில் ஆணையத்தின் முதல் பொது விசாரணை தொடங்கியது. 1985 ஜூனில் கொல்லப்பட்ட கிராடாக் ஊர்ப் போராளிகள் மேத்யூ கோனிவே, ஃபோர்ட் கலாட்டா, ஸ்பாரோ ம்கோன்டோ, சிசெலோ ம்லாவுலி ஆகிய நால்வரின் மனைவியர் மறுநாள் அங்கே சாட்சியம் அளித்தனர். பேச்சின் நடுவே நொமொண்டே கலாட்டா வாய்விட்டு அலறிய அந்த ஓலம் இன்றும் அந்நாட்டு மக்களின் நினைவில் இருக்கிறது. மன்னிக்கத் தமக்கு மனம் உண்டு, ஆனால் யாரை மன்னிப்பது என்றே தெரியவில்லை என்று ம்லாவுலியின் மகள் அதே அவையில் சொன்னார். எங்கள் படம் முழுவதும் அந்தச் சொற்களின் மேல்தான் நிற்கிறது. அந்தக் கொலை வழக்கில் பொதுமன்னிப்பு, அதாவது வழக்கிலிருந்து விலக்கு, கோரிய ஆறு காவல்துறையினருக்கு 1999இல் அது மறுக்கப்பட்டது. ஆயினும் அவர்களில் எவர் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. புதிய மரண விசாரணை தொடங்க 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆணையத்தின் சட்ட நுணுக்கங்களைப் பொறுமையுடன் விளக்கிய வழக்கறிஞர்களுக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். செய்த குற்றம் அரசியல் நோக்கம் கொண்டதாக இருக்க வேண்டும், அதை முழுமையாக வெளிப்படுத்த வேண்டும் என்பவையே பொதுமன்னிப்புக்கான முதன்மை நிபந்தனைகள் என்பதையும், வருந்த வேண்டும் என்றோ மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றோ சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் அவர்கள்தாம் எங்களுக்குப் புரியவைத்தார்கள். வந்த 7,112 விண்ணப்பங்களில் 849 பேருக்கே அது வழங்கப்பட்டது என்பதை அறிந்தால், குற்றவாளிகள் எல்லோரையும் அந்நாடு மன்னித்து அனுப்பிவிட்டது என்ற பரவலான எண்ணம் எவ்வளவு பிழையானது என்பது விளங்கும்.

அந்நாட்களில் விசாரணை மண்டபங்களில் உரைபெயர்ப்பாளராகப் பணிபுரிந்த பெரியவர் ஒருவர் எங்களுக்காக ஒதுக்கிய நேரத்தை எப்படி மறப்போம்? சாட்சிகள் தம் தாய்மொழியிலேயே பேசலாம் என்பது ஆணையத்தின் நெறி. கண்ணாடி அறைக்குள் அமர்ந்த உரைபெயர்ப்பாளர்கள், பேசுபவரின் சொற்களைத் தன்மையிலேயே, அதாவது "நான்" என்றே, சொல்லியாக வேண்டும். வதைபட்ட தாய்க்காக "என் மகனைக் கொன்றார்கள்" என்று சொன்ன அதே வாய், அடுத்த அமர்வில் காவலருக்காக "நான் கொன்றேன்" என்று சொல்ல நேர்ந்தது. அந்தப் பாரம் பல ஆண்டுகள் தம்மை உறங்கவிடவில்லை என்று அவர் சொன்னார். எங்கள் படத்தின் தமிழ்க் குரல்களும் தன்மையிலேயே பேசட்டும் என்பது அவர் தந்த யோசனை. அதை ஏற்று, தயங்காமல் இரு தரப்புக்கும் குரல் கொடுத்த நாடகக் கலைஞர்களுக்கு எங்கள் வணக்கம்.

மன்னிக்க மறுத்தவர்களுக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். 1977இல் காவலில் இருந்தபோது உயிரிழந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பீக்கோவின் குடும்பத்தாரும் வேறு சிலரும், பொதுமன்னிப்பு தங்கள் வழக்காடும் உரிமையைப் பறிக்கிறது என்று 1996இல் அரசமைப்பு நீதிமன்றத்தில் வாதிட்டுத் தோற்றார்கள். அதே நிலைப்பாட்டை இன்றும் விடாத ஒரு மூதாட்டி, படத்துக்காகத் தம் சொல்லை மென்மையாக்க முடியாது என்று கண்டிப்பாகச் சொன்ன பிறகே ஒளிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்தார். ஒரு வரியும் வெட்டாமல் அவர் பேச்சைச் சேர்த்திருக்கிறோம். மன்னிப்பு பாதிக்கப்பட்டவரின் உடைமை. நாட்டின் பெயரால் அதை வேறு எவரும் எடுத்து வழங்க முடியாது என்பதை அவரைப்போல் தெளிவாக எங்களுக்கு எவரும் உணர்த்தவில்லை.

டர்பனில் எங்களுக்குத் தங்க இடமும் உணவும் தந்து, வாகனத்துக்கும் ஏற்பாடு செய்த, அந்நகரின் சாட்ஸ்வொர்த் பகுதித் தமிழ்க் குடும்பத்தாருக்கு நன்றி. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் தொடங்கிய குடியேற்றத்தின் வழிவந்த அவர்கள், வசிப்பிடங்களை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தால் தம் பழைய வீட்டை இழந்தவர்கள். கொலை, சித்திரவதை, கடத்தல், கடுமையான வதை ஆகியவற்றையே ஆணையம் விசாரித்ததால், இலட்சக்கணக்கானோர் வீடு வாசல் இழந்தது அதன் பாதிக்கப்பட்டோர் பட்டியலுக்கு வெளியே நின்றுவிட்டது. படத்தின் நான்காம் பகுதி அந்தக் குடும்பத்தார் கேட்ட கேள்வியிலிருந்தே பிறந்தது. அந்தப் பகுதிதான் இப்படத்தில் எங்கள் மனத்துக்கு மிக நெருக்கமானது.

பழைய ஒலி, ஒளி நாடாக்களைத் தேடித் தந்த ஆவணக் காப்பாளர்கள், தென்னாப்பிரிக்க மொழிகளுள் ஒன்றான கோசாவில் அமைந்த சாட்சியங்களைச் சரிபார்த்த மாணவர்கள், படத்தொகுப்பாளர், சிறு தொகைகளாகப் பொருளுதவி செய்த அன்பர்கள் அனைவருக்கும் நன்றி.

திரையிடலுக்குப் பின் நெடுநேரம் இருந்து பேசிய ஈழத்துச் சகோதர சகோதரியருக்கும் நன்றி கூறுகிறோம். ஆணையத்தின் உறுப்பினராக இருந்த யாஸ்மின் சூக்கா, 2010இல் இலங்கை குறித்து ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழுவிலும் இடம்பெற்றவர். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் உண்மைக்காக இன்னும் காத்திருக்கையில் அவர்களிடம் நல்லிணக்கத்தைப் பற்றிப் பேசுவது எவ்வகையில் நியாயம் என்று நீங்கள் கேட்டீர்கள். அந்த உரையாடலை, உங்கள் இசைவுடன், படத்தின் பிற்சேர்க்கையாகப் பதிவு செய்ய விரும்புகிறோம்.

படத்தின் படிகள் பங்கேற்ற குடும்பங்களுக்கு முதலில் அனுப்பப்படுகின்றன. சாட்சியங்களின் தமிழ் எழுத்துவடிவம் கேட்டு எழுதும் ஆசிரியர்களுக்கு அதைக் கட்டணமின்றி வழங்குவோம்.

நன்றியுடன்,
ஆவணப்படக் குழுவினர்