கூலிக்கு மாரடிப்பவள் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் முதியோர் இல்லங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளைக் கட்டுரையாளர் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். நடுவில் அந்த இல்லங்களில் வேலை பார்க்கும் செவிலியர்களான எங்களை எதற்கு இழுத்தார்? 'கூலிக்கு மாரடிப்பவர்களிடம் பாசத்தைத் தேடும் பரிதாபம்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார்.

கூலி எவ்வளவு என்று விசாரித்தாரா? தாங்கள் அறியாததல்ல, 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. எங்கள் இல்லம் மருத்துவமனைக் கணக்கிலேயே வராது. ஆனால் மூக்குக் குழாய் வழி உணவு, சிறுநீர்க் குழாய், இன்சுலின், ஆறாத புண் எல்லாம் இங்கே உண்டு. டாக்டர் வாரம் ஒருமுறை வருவார். நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் முடிவெடுப்பவள் நான்; விடிந்ததும் பதில் சொல்ல வேண்டியவளும் நானே.

பக்கவாதத்தில் விழுந்தவரை இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் இடுப்பின் பின்புறமும் குதிகாலும் சிவக்கும். விரலால் அழுத்தியும் அந்தச் சிவப்பு வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். எலும்பு தெரியும் புண்ணோடு தந்தையை வீட்டிலிருந்து கொண்டுவந்து சேர்த்த மகன், மறுவாரம் வீடியோ அழைப்பில் அதே புண்ணைப் பார்த்துவிட்டு, "என்ன பார்த்துக்கொள்கிறீர்கள்?" என்று என்னைக் கேட்டார். மறதி நோய் உள்ள அம்மா ஒருவர், பொழுது சாய்ந்தால் போதும், தன் வளையலை நான் திருடிவிட்டதாகக் கூச்சலிடுவார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை; அது நோய். கட்டுரையாளருக்கு என்னவென்றுதான் தெரியவில்லை.

வருடாவருடம் செவிலியர் தினமான மே 12 வந்தால் தங்கள் இதழில் மெழுகுவத்தியோடு எங்கள் படம் வருகிறது. அன்று ஒருநாள் நாங்கள் தேவதைகள். தேவதைக்குச் சம்பளம் எதற்கு என்று நிர்வாகங்களும் நினைத்துக்கொள்கின்றன. 2017 நவம்பரில் ஒப்பந்தச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தபோது மட்டும் தங்களுக்கு 'நோயாளிகள் அவதி' என்ற தலைப்புதான் கிடைத்தது.

வருத்தம் தெரிவிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவ்வளவு சிரமம் தங்களுக்கு வேண்டாம். படுக்கையில் கிடப்பவரைத் திருப்பிப் படுக்க வைப்பது எப்படி, குழாய் வழி உணவு தரும்போது தலைப்பக்கத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று மருத்துவப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். கூலி வாங்காமல் வீட்டில் வைத்துப் பார்க்கும் பாசக்காரர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
முதியோர் இல்லச் செவிலியர் ஒருவர்,
கோவை.