ஒலிப்பதிவு செய்தவரின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் பங்க் எனப்படும் வேகமும் இரைச்சலுமான ரொக் இசையைப் பற்றியும் மேலைநாட்டுப் பரிசோதனை இசையைப் பற்றியும் வந்த கட்டுரையை மிகுந்த ஆர்வத்தோடு வாசித்தேன். தமிழில் இவற்றைப் பற்றி எழுத ஒருவர் முன்வந்ததே மகிழ்ச்சியான விஷயம். வரிகளையும் அவற்றின் பின்னால் இருந்த அரசியலையும் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருந்தார். ஆனால் ஓரிடத்தில், இந்த வகை இசைக்கு ஒலிப்பதிவு நுட்பம் எதுவும் வேண்டியதில்லை, ஒரு மைக்கும் ஒரு கசெற் ரெக்கோடரும் போதும் என்ற பொருள்பட எழுதிவிட்டார். அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் திருகோணமலையில் ஒலிப்பதிவு செய்து பிழைப்பவன். அரங்கேற்றப் பாடல்கள், தேவாலயப் பாடகர் குழுக்கள், பாடசாலை வில்லுப்பாட்டு, கோயில் ஊஞ்சற் பாட்டு எல்லாம் என் அறைக்கு வரும். சில வருடங்களாக மின்கிற்றாரும் ட்றம்ஸும் வைத்து வாசிக்கிற இளைஞர்களும் வருகிறார்கள். கர்நாடக சங்கீதம் பாடுகிற ஒருவரைப் பதிவு செய்யும்போது என் வேலை பெரும்பாலும் அவருக்குக் குறுக்கே நிற்காமல் இருப்பதுதான். பங்க் வாசிக்கிற பிள்ளைகளிடம் அப்படி இருக்க முடியாது. எந்தச் சத்தத்தை விடுவது, எதை அமத்துவது, எவ்வளவு உடைந்து கேட்கலாம் என்று ஒவ்வொரு நிமிடமும் ஒருவர் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுகள்தான் பிறகு நாம் கேட்கிற பாட்டு.

கட்டுரையில் வந்த குழுக்களையே எடுத்துக்கொள்கிறேன். ரமோன்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு 1976இல் நியூயோர்க்கில் ஏறக்குறைய ஒரு வாரத்தில், 6,400 டொலர் செலவில் பதிவானது. மலிவுதான், அவசரம்தான். ஆனால் ஹெட்போனை மாட்டிக் கேட்டுப் பாருங்கள். பேஸ் கிற்றார் இடது காதில், மற்றக் கிற்றார் வலது காதில், ட்றம்ஸும் குரலும் நடுவில். யாரோ உட்கார்ந்து யோசித்துப் பிரித்து வைத்த ஒலி அது. அடுத்த வருடம் வந்த செக்ஸ் பிஸ்டல்ஸ் இசைத்தட்டில் கிற்றார் ஒரு மதிலைப் போல நிற்கும். வாசித்தவர் ஸ்டீவ் ஜோன்ஸ் என்ற ஒரே ஆள். அவர் வாசிப்பை ஒன்றின்மேல் ஒன்றாகப் பலமுறை அடுக்கி அந்தக் கனத்தைக் கொண்டுவந்தார்கள். தயாரிப்பாளர் கிறிஸ் தோமஸ், ஒலிப்பதிவாளர் பில் பிரைஸ் இருவருமே அனுபவம் மிக்க ஸ்ரூடியோக்காரர்கள். கட்டுரையாளர் "கட்டற்ற கோபம்" என்று எழுதிய அந்த ஒலி, பொறுமையாக வேலை செய்து எடுத்த ஒலி.

என்னை மிகவும் பாதித்தவர் மார்ட்டின் ஹனெட். இங்கிலாந்தின் மான்செஸ்டர்க்காரர். பஸ்கொக்ஸ் குழு 1976 டிசம்பரில் 500 பவுண்ட் கடன் பணத்தில் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தபோது ஒலிக்கலவை மேசையில் இருந்தவர் அவர்தான். அந்தத் தட்டின் உறையில், ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முறை வாசித்தபோது எடுக்கப்பட்டது, பிறகு ஏதாவது சேர்க்கப்பட்டதா என்றுகூட அச்சிட்டிருந்தார்கள். பதிவு எப்படி நடந்தது என்பதை வாங்குகிறவருக்கு மறைக்காமல் சொன்னார்கள். சாதாரணப் பிள்ளைகளும் இதைச் செய்யலாம் என்று மற்றவர்களுக்கும் அது தைரியம் கொடுத்தது.

அதே ஹனெட் 1979இல் ஸ்டொக்போர்ட்டில் உள்ள ஸ்ட்ரோபெரி ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜோய் டிவிஷன் குழுவின் முதல் இசைத்தட்டைச் செய்தார். மேடையில் அவர்கள் வேகமும் இரைச்சலுமான குழு. ஹனெட் அந்த இரைச்சலைப் பிரித்துப் போட்டார். ட்றம்ஸ் வாசித்த ஸ்டீபன் மொரிஸை ஒவ்வொரு ட்றம்மையும் தனித்தனியாக வாசிக்க வைத்தார், ஒன்றின் சத்தம் இன்னொன்றின் மைக்கில் விழக்கூடாது என்பதற்காக. அப்போதுதான் புதிதாக வந்திருந்த, ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தருகிற டிஜிற்றல் டிலே கருவி ஒன்றின் வழியாக அந்த அடிகளை அனுப்பினார். கட்டடத்தின் லிஃப்ற் ஓடுகிற சத்தம், போத்தல் உடைகிற சத்தம் எல்லாம் பாட்டுக்குள் வந்தன. குழுவில் இரண்டு பேருக்கு, கிற்றார்க்காரருக்கும் பேஸ்காரருக்கும், அந்தப் பதிவு முதலில் பிடிக்கவே இல்லை. எங்கள் மேடைச் சத்தம் எங்கே என்று கோபப்பட்டார்கள். இன்று உலகம் அவர்களை நினைப்பது அந்த ஒலியால்தான். வெறும் அறைக்குள் ஒருவர் தனியாக நிற்பதைப் போன்ற அந்த இடைவெளியை வாசித்தவர்கள் கொண்டுவரவில்லை. மேசையில் இருந்தவர் கொண்டுவந்தார்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் நின்றவர் சிக்காகோவின் ஸ்டீவ் அல்பினி. 2024 மே 7ஆம் திகதி, 61 வயதில் காலமானார். குழு எப்படி ஒலிக்கிறதோ அப்படியே நாடாவில் ஏற்றுவதுதான் தன் வேலை என்று கடைசிவரை சொன்னவர். தயாரிப்பாளர் என்று தன் பெயரைப் போட விரும்பமாட்டார். ஒலிப்பதிவு செய்தவர் என்று போட்டால் போதும். 1993 பெப்ரவரியில் நடந்த பதிவுக்கு நிர்வாணா குழு அவரை அழைத்தபோது, விற்பனையில் பங்கு வேண்டாம், குழாய் பொருத்துகிறவருக்குக் கூலி கொடுப்பதுபோல என் வேலைக்குக் கூலி தந்தால் போதும் என்று கடிதம் எழுதினார். அந்தத் தட்டு பல இலட்சம் விற்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்த நேரம் அது. இப்படி ஒதுங்கி நின்றவரின் கையும் ஒலியில் தெளிவாகத் தெரியும். அவர் பதிவு செய்து 1988இல் வெளிவந்த பிக்ஸீஸ் குழுவின் தட்டில் ட்றம்ஸைக் கேட்டால் அறையின் சுவர்களும் சேர்ந்து கேட்கும். மைக்கை வாத்தியத்தோடு ஒட்டி மட்டும் வைக்காமல், தள்ளி அறையிலும் வைத்ததால் வந்தது அது. குறுக்கிடாமல் இருப்பதற்கும் இவ்வளவு அறிவு வேண்டியிருக்கிறது.

என் மனம் அல்பினி பக்கம்தான் சாய்கிறது. ஆனால் ஹனெட் இல்லாமல் எனக்கு இந்தத் தொழிலில் ஆசையே வந்திருக்காது.

வசதியில்லாத இடங்களிலும் இது நடந்தது. அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில் டொன் ஸியன்டாரா தன் வீட்டின் நிலக்கீழ் அறையில் நடத்திய பதிவுக் கூடத்துக்குத்தான் வோஷிங்ரன் நகரப் பங்க் பிள்ளைகள் போனார்கள். ஜேர்மனியில் கான் குழு ஒரு பழைய சினிமா மண்டபத்தில், சுவரெல்லாம் பழைய இராணுவ மெத்தைகளை அடித்துவிட்டு, மணிக்கணக்காக வாசித்தது. அந்தக் குழுவில் பேஸ் வாசித்த ஹோல்கர் சூக்காய்தான் பிறகு அந்த நீண்ட நாடாக்களை வெட்டி ஒட்டிப் பாட்டாக்கினார். பாலையூற்றில் என் அறைச் சுவரில் இருப்பதும் தும்பு மெத்தைதான். அதைப் பார்த்துத் தயங்குகிற பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வது வழக்கம்.

பரிசோதனை இசை என்று வந்தால் விஷயம் இன்னும் தெளிவு. அங்கே ஒலிப்பதிவாளரே பல நேரம் இசையமைப்பாளர். பாரிஸில் வானொலிப் பொறியியலாளராக இருந்த பியர் ஷேஃபர் 1948இல் புகையிரதச் சத்தங்களைப் பதிவு செய்து, அவற்றைத் திருப்பித் திருப்பி ஓட்டி இசையாக்கி வானொலியில் ஒலிபரப்பினார். உங்கள் கட்டுரையும் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அதற்கு நான்கு வருடம் முன்பே, 1944இல், எகிப்தின் கெய்ரோ நகரில் ஹலீம் எல்-தாப் என்ற இளைஞர் இதைச் செய்துவிட்டார். கம்பியில் பதிகிற அந்தக்காலக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய், சார் எனப்படும் சடங்கைப் பதிவு செய்தார். பெண்கள் பாடி, கொட்டடித்து, உருவேறி நோய் தீர்க்கிற சடங்கு அது. பிறகு வானொலி நிலையத்தின் எதிரொலி அறையில் அதை ஓட்டித் திரும்பப் பதிவு செய்து, குரல்களின் அடித்தள ஒலியை வடித்து நீக்கி, மேலே மிதக்கிற ஒலியை மட்டும் விட்டார். நம்மைப் போன்ற ஒரு நாட்டில், நம் கோயில்களில் நடப்பதற்குக் கிட்டவான ஒரு சடங்கிலிருந்து இந்தக் கலை ஒருமுறை பிறந்திருக்கிறது. தமிழில் எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடக்கூடாது.

இதை வலியுறுத்த எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. திருகோணமலையில் நவராத்திரி முடிவில் இரவு வேளையில் கும்பங்கள் வீதிக்கு வருவதை உங்கள் வாசகர்கள் பலர் அறிவார்கள். உடுக்கும், கும்பப் பாட்டும், சனமும் ஒன்றாக நகரும். அதைப் பதிவு செய்து தங்கள் கிற்றாரோடு சேர்க்க வேண்டும் என்று உப்புவெளிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கேட்டார்கள். நான் போனேன். உடுக்குக்குக் கிட்ட மைக்கைப் பிடித்தால் தோலில் விரல் படுகிற சத்தம் மட்டும்தான் வரும். கயிற்றை இறுக்கி விடும்போது ஒலி வளைந்து எழும்புமே, அதைக் கேட்க நான்கைந்து அடி தள்ளி நிற்க வேண்டும். தள்ளி நின்றால் பாடுகிறவரின் மூச்சும், சிலம்பும், ஒழுங்கையின் இரண்டு பக்கத்து மதிலில் பட்டுத் திரும்புகிற எதிரொலியும் சேர்ந்து வரும். கூடவே ஜெனரேற்றரும் வரும்.

அந்த ஜெனரேற்றரில்தான் நாங்கள் அதிக நேரம் மினக்கெட்டோம். அதன் உறுமல் ஐம்பது, நூறு ஹேர்ட்ஸ் பக்கம் நிற்கிறது. கொம்பியூற்றரில் அதை வெட்டி எடுப்பது சுலபம். வெட்டினேன். உடுக்கின் வயிறும் அதோடு போய்விட்டது. மிஞ்சியது தகரத்தில் தட்டுவதுபோல ஒரு சத்தம். பிள்ளைகளில் ஒருவர், "அண்ணை, இரைச்சல் இருக்கட்டும், கும்பம் வருகிறபோது அதுவும்தானே வருகிறது" என்றார். அவர் சொன்னது சரி. உறுமலை விட்டுவிட்டு, அந்தச் சுருதிக்குக் கிற்றாரின் அடித்தந்தியைக் கொஞ்சம் இறக்கிப் பிடிக்கச் சொன்னேன். ஜெனரேற்றர் பாட்டின் சுருதிப்பெட்டி ஆகிவிட்டது. கும்பம் தூரத்திலிருந்து நெருங்கி வரும்போது சத்தம் மெல்ல மெல்லப் பெருகுவதையும் சமப்படுத்தவில்லை. இப்போதெல்லாம் ஒலியை ஒரே மட்டத்தில் இழுத்து நிறுத்துகிற மென்பொருள் எல்லாரிடமும் இருக்கிறது. அதைப் போட்டிருந்தால் கும்பம் நடந்து வந்திருக்காது, தொடங்கிய இடத்திலேயே நின்றிருக்கும்.

ட்றம்ஸை ஒரு மண்டபத்தில் எடுத்தோம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்கள் என்பதால் பகலில் யன்னல்கள் அடித்துக்கொண்டே இருக்கும். இரவில்தான் வேலை. கடற்கரை ஊரில் உப்புக்காற்று மைக் வயரின் முனைகளை அரித்துவிடும், ஒவ்வொரு தடவையும் துடைத்துப் பூட்ட வேண்டும். இதெல்லாம் எந்தத் தொழிலிலும் உள்ள பாடுதான். அதற்காக நான் எழுதவில்லை.

எழுதுவது பெயருக்காக. என் பெயருக்காக மட்டும் இல்லை. இந்தத் தீவில் தமிழ்ப் பொப் பாடல்கள் ஓங்கியிருந்த காலத்தில் எங்கள் ஊர்ப் பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள் இசைத்தட்டு வெளியிட்டார்கள். அவர்கள் பெயரை ஊரில் இன்றும் பெருமையோடு சொல்கிறோம். அந்த ஒலியைத் தட்டில் ஏற்றியவரைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. இன்றைய வெளியீட்டு விழாக்களிலும் அதே நிலைதான். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், அனுசரணை தந்தவர், முதல் பிரதி பெற்றவர், பொன்னாடை போர்த்தியவர் எல்லாருடைய பெயரும் அழைப்பிதழில் இருக்கும். ஒலிப்பதிவு செய்தவர் பின்வரிசையில் சவுண்ட் மேசைக்குப் பக்கத்தில் நிற்பார். செய்தி பத்திரிகையில் வரும்போதும் அவர் இருக்கமாட்டார்.

லண்டனிலும் இது நடந்தது. பீபீசியின் பிரபலமான விஞ்ஞானப் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரான டொக்டர் ஹூவுக்கு 1963இல் தொடக்க இசை செய்தவர் டீலியா டார்பிஷயர். மெட்டை எழுதியவர் ரொன் கிரெய்னர். ஆனால் அந்த மெட்டின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக நாடாவில் பதிந்து, நீளம் அளந்து, வெட்டி ஒட்டி உருவாக்கியவர் அந்தப் பெண். கிரெய்னர் அவருக்கும் பங்கு கொடுக்க விரும்பினார், நிறுவனத்தின் விதி இடம் கொடுக்கவில்லை. டார்பிஷயர் 2001இல் இறந்தார். அவர் பெயர் திரையில் வந்தது 2013இல்.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இசைத்தட்டு, இறுவட்டு, இணையத்தில் வெளியாகும் பாடல் எதைப் பற்றி விமர்சனமோ செய்தியோ போட்டாலும், ஒலிப்பதிவு, ஒலிக்கலவை என்று ஒரு வரி சேருங்கள். பெயர் தெரியாவிட்டால் குழுவிடம் உங்கள் நிருபர் கேட்கட்டும். கேட்கத் தொடங்கினாலே குழுக்களும் போடத் தொடங்கும். விமர்சனம் எழுதுகிறவர்கள் கைத்தொலைபேசியின் சிறு ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அதில் பேஸும் வராது, அறையும் வராது. நாங்கள் செய்த வேலையில் பாதி அங்கேயே போய்விடும்.

உப்புவெளிப் பிள்ளைகளின் பாட்டுகள் அடுத்த நவராத்திரிக்கு முன்னால் வெளிவரும். உறையில் எந்தப் பாட்டு எத்தனையாவது தடவை எடுத்தது, எந்த ஒழுங்கையில் கும்பம் பதிவானது, உடுக்கு அடித்தவர் யார், பதிவு யார் என்று எல்லாம் இருக்கும். பிரதி ஒன்றை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கிறோம். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே எழுதுங்கள், பெயர்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓர் ஒலிப்பதிவாளர்,
பாலையூற்று, திருகோணமலை.