அந்த டயலுக்குப் பெயின்ட் அடிக்காதே

அன்பு சேகருக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். என் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, காலை நடையை மட்டும் விடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பீரோவில் உன் அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா வாட்ச் கிடைத்தது, டயல் மஞ்சளாகிவிட்டது, புதிதாகப் பெயின்ட் அடித்துத் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். கொடுத்துவிடாதே. இதைச் சொல்லத்தான் இன்றைக்கே எழுத உட்கார்ந்தேன்.

15 வருடத்துக்கு முன்னால் எனக்கு அது நடந்துவிட்டது. எங்கள் அப்பா வகுப்புக்குள் நுழைந்ததும் வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் சாக்பீஸை எடுப்பார், நீயே பார்த்திருக்கிறாய். ஒருமுறை கழற்ற மறந்து காவிரியில் முங்கிவிட்டார். உள்ளே தண்ணீர் போய், ஐந்து மணிக் கோட்டுக்குப் பக்கத்தில் டீக்கறை மாதிரி ஒரு திட்டு விழுந்தது. சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் டயலைச் சுரண்டி, பளிச்சென்று நீலம் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். வாட்ச் இன்றும் ஓடுகிறது. ஆனால் கையில் கட்டினால் யாருடையதோ போல இருக்கிறது. அந்தத் திட்டை நான் எங்கே போய்த் தேடுவேன்?

புது டயல் வாங்கிப் போடலாமே என்பாய். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. தொடங்கிய தொழிற்சாலையில் செய்தது அது. நம் ஊர்க் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு வாட்ச் என்றாலே எச்.எம்.டி.தான். 1984-இல் டைட்டன் தொடங்கி, ஓசூரில் ஆலை வந்து, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் பரவியதும், தினமும் சாவி கொடுக்கும் வாட்சை விட்டு ஜனங்கள் நகர்ந்துவிட்டார்கள். 2016-இல் வாட்ச் பிரிவை மூடிவிட மத்திய அரசு முடிவெடுத்தது. அந்தக் காலத்து அசல் டயல் இனிப் புதிதாக வராது. உன் கையில் இருப்பதுதான் இருப்பு.

போன மாதம் இன்னொரு ஜனதா வாங்கினேன். அதற்கு மூன்று மாதம் அலைந்தேன். சிவப்பு, பச்சை, நீலம் என்று கண்ணைப் பறிக்கிற டயல்களாகவே வந்தன. திருச்சியில் ஒரு பெரியவர் இருக்கிறார், பீரோ அகலம்தான் அவர் கடை. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொள்ளச் சொல்லி, பெயின்ட் அடித்த டயலையும் அசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பெயின்ட் அடித்ததில் மணிக் கோடும் நிமிடக் கோடும் ஒன்றோடொன்று சேரவில்லை. எழுத்து தடித்து ஓரம் கசிந்திருந்தது. முள் நிற்கிற நடுத் துளையைச் சுற்றிப் பெயின்ட் திரண்டு கிடந்தது. அசலில் நிறம் பழுப்பேறியிருந்தாலும் ‘பாராஷாக்’ (அதிர்ச்சி தாங்கும் அமைப்பின் பெயர்) என்கிற பொடி எழுத்து முடியிழை மாதிரி தெளிவாக இருந்தது. பின்மூடியைத் திறந்தார். மாதுளை முத்து நிறத்தில் சின்னச் சின்னக் கற்கள். மொத்தம் 17, சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல்வதற்காக வைத்தவை. நடுவில், நேரத்தைச் சீராக ஓட்டுகிற பேலன்ஸ் வீல் மூச்சு விடுகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. நொடிக்கு ஐந்து துடிப்பு, மணிக்கு 18,000. நகர மனசே வரவில்லை, அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் வாட்சுக்கு இப்போதைக்குச் சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்காதே. இத்தனை வருடம் சும்மா கிடந்ததில் எண்ணெய் பிசினாகியிருக்கும். அதோடு ஓடினால் தூசி அச்சை அரைத்துவிடும். முழுசாகப் பிரித்துக் கழுவி, புது எண்ணெய் விட வேண்டும். கொடுக்கும்போதே ‘டயலில் கை வைக்கக் கூடாது, முள்ளை மாற்றக் கூடாது’ என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள். கண்ணாடிக் கீறலைப் பற்றிக் கவலைப்படாதே, அது பிளாஸ்டிக்தான். பஞ்சில் கொஞ்சம் டூத்பேஸ்ட் தொட்டுப் பொறுமையாகத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.

அப்புறம் தினமும் காலையில் ஒரே நேரத்துக்கு, கையிலிருந்து கழற்றி வைத்துச் சாவி கொடு. திருகு இறுகியதும் நிறுத்திவிடு. நம் ஊர் வேர்வைதான் வாட்சின் வெளிக்கூட்டுக்கு எமன், இரவில் பின்பக்கத்தை ஒரு காய்ந்த துணியால் துடைத்து வை. ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் முன்னே பின்னே போனால் பரவாயில்லை. திடீரென்று ரொம்பவே வேகமாக ஓடினால் காந்தம் ஏறியிருக்கலாம். பேலன்ஸ் வீலை ஆட்டுகிற மெல்லிய கம்பியான ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் அப்படி ஆகும். காந்தம் எடுக்கிற கருவி அந்தப் பெரியவரிடம் இருக்கிறது, ஒரு நிமிட வேலைதான்.

தை பிறந்ததும் இங்கே வா, இரண்டு பேரும் சேர்ந்தே அவரிடம் போவோம். வரும்போது வாட்சைச் செல்போனோடு ஒரே பையில் போட்டுவிடாதே. பழைய வேட்டித் துணியில் சுற்றித் தனியாக எடுத்து வா.

உன்,
ராஜு