பூங்கொத்துக்கும் தேதி போடுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சூப்பர் மார்க்கெட்டில் பற்பசைக்குத் தேதி இருக்கிறது, பேட்டரிக்குக்கூடத் தேதி இருக்கிறது. ஆனால் நான் போகும் கடையில் வாளியில் நிற்கும் பூங்கொத்துக்கு மட்டும் எந்தத் தேதியும் கிடையாது. என் குறை அதுதான்.

நான் ஓய்வுபெற்ற கணக்கர். என் மனைவிக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு பெரும்பாலும் படுக்கைதான். ஜன்னலோரம் ஜாடியில் நாலு பூ இருந்தால் அவள் முகமே வேறாக இருக்கும். பூக்கடையில் அலங்காரக் கொத்தாக வாங்க என் ஓய்வூதியம் இடம் கொடுக்காது. அதனால் வாரச் சாமான் வாங்கும்போதே ஒரு கட்டுப் பூவையும் தள்ளுவண்டியில் போட்டுக்கொள்வேன். தொழில் புத்தி போகுமா? கட்டு வாங்கிய நாள், தூக்கிப் போட்ட நாள் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். "பூவுக்குமா பேரேடு?" என்று அவள் சிரிப்பாள்.

பில்லில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்தால் எது மலிவு என்று தெரியாது. அதைப் பூ நின்ற நாட்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். என் நோட்டில் ரோஜா ஒரு வாரத்தைத் தாண்டியது இரண்டே தடவை. ஜெர்பரா ஒருமுறை நாலாம் நாளே கழுத்தை மடக்கித் தொங்கிவிட்டது. (அதற்குக் கொஞ்சமாகத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும், காம்பு மூழ்கினால் அழுகும் என்று அப்புறம்தான் தெரிந்தது.) ஏறக்குறைய அதே விலைக்கு வாங்கிய கார்னேஷன் 16 நாள் நின்றது, ஆல்ஸ்ட்ரோமீரியா 14 நாள், செவ்வந்தி 19 நாள். டியூலிப் ஆறே நாள்தான். ஆனால் வெட்டிய பிறகும் அது ஜாடியிலேயே வளர்ந்து, வெளிச்சம் வரும் பக்கம் தலையைத் திருப்பும். மனைவிக்கு அது பெரிய வேடிக்கை என்பதால் டியூலிப்பை மட்டும் வகுத்துப் பார்ப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 16 நாள் நின்ற அதே கார்னேஷனை அதே கடையில் இரண்டாம் முறை வாங்கியபோது மூன்றாம் நாள் காலையில் எல்லாப் பூவும் உள்பக்கமாகச் சுருண்டு கிடந்தது. வாடவில்லை, தூங்கிவிட்ட மாதிரி இதழ்களை மூடிக்கொண்டிருந்தது. தோட்டக்கலை படித்த மகளிடம் போனில் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, கடையில பூ வாளி பழத்துக்குப் பக்கத்துல இருந்துச்சா?" இருந்தது. வாழைப்பழமும் ஆப்பிளும் அடுக்கிய தட்டுக்கு ஒரு கை தூரத்தில்தான் இருந்தது. பழுக்கும் பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வருகிறது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே கார்னேஷனுக்கு வயதாகிவிடுமாம். தோட்டத்திலேயே வெள்ளிச் சேர்மம் கலந்த கரைசலில் காம்பை நிறுத்தி எடுத்தால் அந்தப் பூ எத்திலீனைத் தாங்கும். ஆனால் வாளியில் நிற்கும் கட்டு அந்தக் கரைசலைக் கண்டதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

கடையில் போய்ச் சொன்னேன். அங்கிருந்த தம்பி மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "இங்க வெச்சாத்தான் சார் கண்ணுல படும்." கண்ணில் படுகிறது, உண்மைதான். மூன்று நாளைக்கு.

அதிலிருந்து நான் பூவை முகத்தைப் பார்த்து எடுப்பதில்லை. கட்டை வாளியிலிருந்து தூக்கி முதலில் அடிக்காம்பைப் பார்க்கிறேன். பச்சையாக, உறுதியாக இருந்தால் சரி. பழுப்பேறி, விரலில் வழவழவென்று ஒட்டினால் திரும்ப வாளிக்கே போய்விடும். அந்த வழவழப்பு பாக்டீரியா. காம்புக்குள் நீர் ஏறும் குழாய்களை அடைப்பதும் அதுதான். கட்டைச் சுற்றிய கண்ணாடித் தாளின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தாலும் எடுக்க மாட்டேன், இரண்டே நாளில் இதழில் சாம்பல் பூஞ்சை வரும். ரோஜாவாக இருந்தால் மொட்டின் அடியை இரண்டு விரலால் மெல்ல அழுத்துவேன். கெட்டியாக இருக்க வேண்டும், அதே சமயம் நிறம் நன்றாக வெளியே தெரிய வேண்டும். பச்சை மூடிய இறுக்கமான மொட்டு பல சமயம் விரியாமலே தலை சாய்ந்துவிடும். செவ்வந்தியில் பூவைப் பார்த்து ஏமாறக் கூடாது, அதில் இலைதான் முதலில் மஞ்சளாகும்.

வீட்டில் செய்வது கொஞ்சம்தான். கூர்மையான கத்தியால் காம்பில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டி, தண்ணீருக்குள் போகும் இலைகளைக் கிள்ளி, ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி வைப்பேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுவேன். கட்டோடு வரும் சின்னப் பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் பூவுக்கு வேண்டிய சர்க்கரை, தண்ணீரின் புளிப்பைக் கூட்ட அமிலம், பாக்டீரியாவை அடக்க மருந்து மூன்றும் இருக்கும். செப்புக் காசு, ஆஸ்பிரின் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். என் நோட்டில் ஒரு நாள்கூடக் கூடவில்லை.

இவ்வளவும் என் பக்கத்து வேலை. கடைக்காரர்களிடம் கேட்பது இரண்டுதான். பூ வாளியைப் பழத்தட்டிலிருந்து தள்ளி வையுங்கள். கட்டு கடைக்கு வந்த நாளை ஒரு சின்னச் சீட்டில் எழுதுங்கள். பேனாவால் எழுதினாலும் போதும். தேதி போட்டால் எல்லாரும் பின்வரிசையில் கைவிட்டுப் புதுக் கட்டை எடுப்பார்கள், பழையது தங்கிவிடும் என்று அந்தத் தம்பி சொன்னார். நியாயமான பயம்தான். ஆனால் தங்கிய கட்டைக் கடைசி நாள் வரை முழு விலையில் வைத்திருந்து குப்பையில் கொட்டுவதைவிட, நாலாம் நாளே தேதியைக் காட்டி விலையைக் குறைக்கலாமே. நாலு நாள் ஆன ரோஜாவை நான் தொட மாட்டேன். நாலு நாள் ஆன ஆல்ஸ்ட்ரோமீரியா குறைந்த விலைக்குக் கிடைத்தால் ஜன்னலோரம் இன்னும் ஒரு வாரமாவது நிற்கும். அதை முதல் ஆளாக நானே எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர், தங்கள் நாளிதழின் வாசகர்