திருவல்லிக்கேணிப் பெரியவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த 1945 முதல் நயா பைசா வந்த 1957 வரை, திருவல்லிக்கேணித் தெருக்களில் பிள்ளைகளாக ஓடித் திரிந்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யும் வேலை ஒரு கட்டத்துக்கு வந்திருக்கிறது. "உதவிய அனைவருக்கும் நன்றி" என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்ளலாம். யார் கொடுத்த எது எப்படிப் பயன்பட்டது என்று சொல்லாவிட்டால் அது கல்யாணப் பத்திரிகையின் கடைசி வரி மாதிரி ஆகிவிடும்.

முதல் நன்றி, அலமாரி மூலையிலிருந்தும் அஞ்சறைப்பெட்டி அடியிலிருந்தும் பழைய காசுகளை எடுத்துத் தந்தவர்களுக்கு. "அது எந்த வருஷம்?" என்ற கேள்விக்குச் சரியான பதில் அநேகமாக யாரிடமும் கிடைக்காது. "கையில் என்ன காசு இருந்தது?" என்றால் கிடைக்கும். நடுவில் ஓட்டை போட்ட காலணா 1943 முதல் 1947 வரை அச்சடிக்கப்பட்டது. புழக்கத்தில் அதன் பிறகும் இருந்தது. அதனால் அந்தக் காசு 'இதற்கு முன்னால் இல்லை' என்று மட்டும்தான் சொல்லும். ஆனால் அதை டிராம் தண்டவாளத்தில் வைத்து நசுக்கி விளையாடியதாக ஒருவர் சொன்னால், மறுமுனையும் கிடைத்துவிடுகிறது. மெட்ராஸில் டிராம் 1953-ல் நின்றது.

பேச்சில் 'நாலணா' என்று வந்தால் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்த பிறகும் இருபத்தைந்து பைசாவை நாலணா என்றேதான் சொன்னார்கள், இன்றும் சொல்பவர்கள் உண்டு. கணக்கு இடித்ததா என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். ரூபாய்க்குப் பதினாறு அணா என்பது போய் நூறு பைசா என்று ஆனதால், ஓரணாவுக்கு 6.25 பைசா. சில்லறையில் 6 என்று வைத்துக்கொண்டார்கள். நாலணாவை மொத்தமாக மாற்றினால் 25 பைசா, ஓரணா ஓரணாவாக நாலு தடவை மாற்றினால் 24. அந்த ஒரு பைசாவுக்காக மிட்டாய்க் கடையில் சண்டை போட்டதைச் சொல்கிறவர் 1957-ஐ ஒட்டித்தான் பேசுகிறார்.

ரேஷன் விஷயத்தில் குழப்பம் அதிகம். யுத்த காலத்து உணவுக் கட்டுப்பாட்டை 1952-ல் அன்றைய முதலமைச்சர் ராஜாஜி எடுத்தார். அறுபதுகளின் நடுவில் மறுபடியும் அரிசித் தட்டுப்பாடு வந்தது. "க்யூவில் நின்றோம், அரிசிக்குப் பதில் கோதுமை போட்டார்கள்" என்பது இரண்டுக்கும் பொருந்திவிடும். பிரித்துக் காட்டுவது அளவைதான். பேச்சில் படி, ஆழாக்கு, வீசை என்ற பழைய அளவைகள் வந்தால் முந்தையது, கிலோ வந்தால் பிந்தையது. மெட்ரிக் எடைகள் 1958-க்குப் பிறகுதான் படிப்படியாக வந்தன. இதில் எங்களுக்குப் பிடிகொடுத்தவர்கள், பழைய படியைத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்த மாமிகள்.

அடுத்த நன்றி, ஒண்டுக்குடித்தன வீடுகளின் படத்தைத் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டியவர்களுக்கு. காகிதத்தைக் கொடுத்தால் பெரும்பாலோர் தயங்குகிறார்கள். தரையில் போடச் சொன்னால் ரேழி, கூடம், முற்றம், கிணற்றடி, மாடிப்படி எல்லாம் தானாக விழுகிறது. எந்தப் போர்ஷனில் யார் குடியிருந்தார்கள், கிணற்றில் யாருக்கு எத்தனை மணிக்கு முறை, பொதுக் கக்கூஸுக்கு வழி எந்தப் பக்கம் என்று அதன் பிறகு கேட்கலாம். வீட்டு எண்ணை மட்டும் நம்பக் கூடாது. பழைய எண், புதிய எண் மாறியிருக்கும், ஒரே மனை மூன்றாகப் பிரிந்திருக்கும். பக்கத்தில் இருந்த கோயில், மசூதி, பள்ளி, ஜாம் பஜார் இவற்றிலிருந்து எத்தனையாவது வாசல் என்று எண்ணச் சொல்வதே உத்தமம். பாரதி சாலையைப் பழைய பெயரில் பைகிராப்ட்ஸ் ரோடு என்று சொன்னவர்களை நாங்கள் திருத்தவில்லை.

பதிவு நாளில் ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வையோடு உட்கார்ந்திருந்த வீட்டாருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். காதுக்குத் தெரியாத ஃபேன் சத்தம் பதிவில் இரைச்சலாக நிற்கும். குக்கர் விசில், அழைப்பு மணி, குருவிச் சத்தம் எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், ஃபேனை முடியாது. சட்டை மைக்கைப் புடவை முந்தானையில் குத்தினால் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரப்பு விழும், பட்டுப் புடவை என்றால் பேச்சே அமுங்கிப்போகும். ஒரு சாண் தள்ளி, தலையணைமேல் ரெக்கார்டரை வைத்தால் போதும். ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதற்குமேல் நினைவு வராது, வழக்கமாகச் சொல்லும் கதைதான் வரும்.

பாட்டிகளைத் தனியாகப் பேசவிட்டவர்களுக்குத் தனி நன்றி. கூடத்தில் எல்லோரும் இருந்தால் தாத்தா கிரிக்கெட்டும் கடற்கரையும் பேசுவார், பாட்டி "ஆமாம், ஆமாம்" என்பார். தாத்தா வெளியே போனதும்தான் தெருக்குழாய் வரிசை, பள்ளியை நிறுத்திய வருஷம், யார் வீட்டில் தண்ணீர் கொடுக்கமாட்டார்கள் என்பதெல்லாம் வரும். எங்களைக் கேட்டால், இந்தத் தொகுப்பின் சத்து இங்கேதான் இருக்கிறது.

படங்கள் தந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் சேர்த்து. கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். மழைக்கால ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் பூச்சு இளகி, காய்ந்து, கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியிலும் காகிதம் கையிலும் வரும். கண்ணாடியோடு வைத்தே, இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து, காமிராவுக்கு முன்னால், லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட கறுப்புத் துணி பிடித்து எடுத்தால் பிரதிபலிப்பு விழாது. சிறிய பிரதிகளை 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி), டிஃப் (TIFF) கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். பெயரைப் படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தடமாகத் தெரியும்.

கடைசியாக, ஒருவரோடொருவர் வாதாடியவர்களுக்கு. 1948 ஜனவரி 30-ல் காந்தி சுடப்பட்ட செய்தியை ரேடியோவில் கேட்டதாகப் பலர் உறுதியாகச் சொன்னார்கள். அன்று கைக்குழந்தையாக இருந்திருக்கக்கூடியவர்களும் சொன்னார்கள். அது பொய்யில்லை. வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்டது சொந்த நினைவாகவே உட்கார்ந்துவிடும். பிறந்த வருஷத்தைக் கேட்டு, "கூட இருந்த யாராவது உண்டா?" என்று மெதுவாகப் பிரிக்க வேண்டும். அக்கா தம்பியை உரிமையோடு மறுத்துப் பேசிய பதிவுகளை வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிறோம், இரண்டு பேச்சும் இருக்கும்.

வாங்கிய காசு, ரேஷன் அட்டை, படங்கள் எல்லாம் பெயர் எழுதிய உறையில் அவரவர் வீட்டுக்கே வந்து சேரும். உறையைப் பிரித்து, எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். தட்டச்சுப் பிரதியும் உள்ளே இருக்கும். பெயர், முகவரி எதையாவது எடுத்துவிட வேண்டுமானால் அந்த வரியை அடித்து, ஓரத்தில் 'வேண்டாம்' என்று எழுதினால் போதும். காரணம் கேட்கமாட்டோம்.

நன்றியுடன்,
பதிவுக் குழுவினர்